முதல் கால் மணி நேரம்

வளர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடத்துவோர் பாடத்தைப் பற்றி மிகவும் சிந்திக்கின்றனர். தொடக்கத்தைப் பற்றிச் சிறிதும் சிந்திப்பதில்லை. வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை என முக்கால் மணி நேரம் கழிந்துவிடுகிறது. அடுப்பைப் பிறர் பொறுப்பில் விட்டு வந்த தாய்மாரோ, எப்போது முடியும் என்று வாயிலையே நோக்கியிருப்பர்.

இக்குற்றத்தை நானும் செய்தவன்தான். ஒருமுறை சேமிப்புக் குழுப் பெண்களுக்குக் கணக்கெழுதும் பயிற்சி நடத்தினேன். உரைகள் முடிந்ததும், "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். அவர்களுக்குத் தனியே கற்பிக்கலாம் என்ற நல்லெண்ணந்தான். ஒரு கையும் உயரவில்லை. மறுநாள் விரித்த பாய்களில் பாதி காலியாகக் கிடந்தன.

அறியாதவனாகப் பள்ளிக்கு வருவதில் சிறுவனுக்கு வெட்கமில்லை. குடும்பம் நடத்தி, கடன் தீர்த்து, மக்களுக்கு மணம் முடித்தவர்களை ஊரார் முன் அறியாதவர்களாக நிறுத்தினால் அவர்கள் மறுமுறை வருவார்களா?

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இதனை நன்குணர்ந்தவர். 1963-ஆம் ஆண்டு, அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார். எழுத்தறியாதவருக்கு அங்கே அந்நாளில் வாக்குரிமையும் இல்லை. 'வகுப்பு' என்ற சொல்லையே ஃப்ரெய்ரே விலக்கினார். அவர் நடத்தியது 'பண்பாட்டு வட்டம்'. அவருடைய முறையில் எழுத்துக்கு முன்னே படங்கள் வந்தன. ஒரு படத்தில் உழவன், கிணறு, வீடு, மரம். கிணற்றை வெட்டியவர் யார், ஏன் வெட்டினார், மரத்தையும் மனிதன்தான் செய்தானா என்று பேச்சு வளரும். தம் கைகள் உலகில் எதையெல்லாம் ஆக்கியிருக்கின்றன என்பதைக் கற்க வந்தோரே எடுத்துரைப்பர். பின்னரே சொல் வரும். அதுவும் அவர்கள் நாள்தோறும் கையாளும் சொல். செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற சொல்லைப் பிரித்து, அதன் எழுத்தினங்களை மாற்றிக் கோத்து, கடை என்று பொருள்படும் 'லோஜா'வையும் போராட்டம் என்று பொருள்படும் 'லூத்தா'வையும் அவர்களே உருவாக்குவர்.

1964-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அப்பணி நின்றது, ஃப்ரெய்ரே சிறையிடப்பட்டார். கிணற்றை வெட்டியவர் யார் என்று கேட்பதில் அத்துணை அபாயம் இருந்தது போலும்!

அடுத்த பயிற்சியில் நான் மேடையைத் தவிர்த்தேன். வட்டமாய் அமர்ந்தோம். மாலை ஐந்து மணிக்கு முடித்துவிடுவோம் என்று முதலிலேயே வாக்களித்தேன் (காப்பாற்றவும் செய்தேன்). பிறகு ஒரே கேள்வி: "பால் கணக்கை வீட்டில் எப்படி நினைவில் வைக்கிறீர்கள்?"

சிறிது நேரம் அமைதி. இவ்வமைதிக்கு அஞ்சி நாமே பேசத் தொடங்கிவிடுவது பெரும்பிழை. பொறுத்திருந்தேன். முதியவர் ஒருவர், "கதவிலே சுண்ணாம்புக் கோடு போடுவேன்" என்றார். கரும்பலகையில் போட்டுக் காட்டும்படி வேண்டினேன். நீளமாய்ச் சில கோடுகள், இடையே குட்டையாய் ஒன்று. "இது ஏன் அம்மா குட்டை?" என்றேன். "அன்றைக்குப் பாதிதான் ஊற்றினான்" என்றார். சிரிப்பு எழுந்தது, உடனே நாலைந்து பேர் தத்தம் முறைகளைச் சொல்லத் தொடங்கினர்.

அக்கோடுகளுக்குப் பக்கத்திலேயே வரவு, செலவு என இரு பத்திகள் வரைந்தோம். மறுநாள் ஒருவரும் குறையவில்லை; அம்முதியவர் தம் நாத்தனாரையும் அழைத்து வந்திருந்தார்.