ஒரே இருநூறு, வேறு வேறு கணக்கு

லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி சுற்றி வருகிறது: கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் புனேயின் சிஓஇபி பொறியியல் கல்லூரியா, சென்னையின் கிண்டி பொறியியல் கல்லூரியா? எது பெரியது என்ற வாதத்தில்தான் பாதி நேரம் போகிறது.

கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. புனே கல்லூரி 1854இல் பிறந்தது. விஸ்வேஸ்வரய்யா படித்த இடம். பெருமைக்கு இரண்டிலும் குறைவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர், கம்பைலர் என்று பாடங்களும் ஏறத்தாழ ஒன்றுதான்.

குழப்பம் பெயரில் இருக்கிறது. "அண்ணா யுனிவர்சிட்டி" பட்டம் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளிலும் கிடைக்கும். ஊரே போட்டி போடுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களான கிண்டிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும். சிஓஇபி 2022இல் தனிப் பல்கலைக்கழகமானது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் பலவும் தரும் புனே பல்கலைக்கழகப் பட்டம் வேறு, இது வேறு.

உண்மையான வேறுபாடு வாசலில்தான். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது. பிளஸ் டூவில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப். மகாராஷ்டிரத்தின் சிஇடி நுழைவுத் தேர்விலும் அதே 200, அதே பங்கீடு! ஆனால் அது இரண்டு தாள், தாளுக்குத் தொண்ணூறு நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. பதினொன்றாம் வகுப்பிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு கேள்வி வரும். நிதானமாக, படிப்படியாக எழுதி மதிப்பெண் அள்ளும் பிள்ளைக்குக் கிண்டி எட்டும். சட்டென்று விடை பிடிக்கும் பிள்ளைக்குச் சிஇடி கைகொடுக்கும். வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று அப்பா அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது சான்றிதழ். அப்பாவோ அம்மாவோ மத்திய அரசுப் பணியில் மகாராஷ்டிரத்தில் இருந்தால், இங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளை டொமிசைல் இல்லாமலே 'டைப் சி' பிரிவில் மாநில மாணவராக விண்ணப்பிக்கலாம். படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் விண்ணப்பக் கடைசி நாளுக்குமுன் இடமாற்ற உத்தரவு வந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால் 'டைப் சி' கைநழுவும். நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழும் இங்கே செல்லாது. பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். அதே பிள்ளை சென்னைக் கவுன்சலிங்கில் நின்றால் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் வரும். வெளிமாநிலத்தில் படித்ததால் நேட்டிவிட்டி சான்றிதழ் மட்டும் கட்டாயம் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், சாதிச் சான்றிதழும் நல்ல போர்டு மதிப்பெண்ணும் உள்ள பிள்ளைக்குக் கிண்டிதான் நடைமுறைக்கு ஏற்ற முதல் குறி. பொதுப் பிரிவுப் பிள்ளை சிஇடியில் வேகம் காட்டினால் சிஓஇபியை விட்டுச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. லோஹேகாவிலிருந்து சிஓஇபி இருக்கும் சிவாஜிநகர் பஸ் தூரம்தான்.

இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தடையில்லை, விண்ணப்பியுங்கள். கவுன்சலிங் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போதே நேட்டிவிட்டிக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் மனு போட்டுவிட்டு வாருங்கள்.