இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம், மண்வெட்டி இருந்தால்



சில நாட்களாக எமது ஊர் இளைஞர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வானத்தை முட்டும் ரெட்வுட் மரங்கள் உள்ள பகுதியில் ஒருவர் கூடாரம் அடித்து, தேத்தண்ணி காய்ச்சிக் குடித்துவிட்டு, யாருக்கும் ஒரு சதம்கூடக் கட்டவில்லை என்று சிரிக்கிறார். அதற்குக் கீழே நம்மவர்கள் எழுதியிருப்பது: "அங்க காடு சும்மா கிடக்கு. இங்க எங்க போனாலும் ரிக்கட்."

தரம் 10 பிள்ளை ஒருவர் இதைச் சொல்லி, "சேர், அப்ப அந்தக் காடு யாருட?" என்று வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஆளுக்கொரு பக்கம் தேடி வாசித்து, கடைசியில் இதை எழுதும் இடத்துக்கு வந்திருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்த இலவசம் நல்ல விடயம், அது நிலைக்க வேண்டும். ஆனால் அந்தக் காடு சும்மா கிடக்கவில்லை. காசு வாங்கும் இடத்தில் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை, இலவச இடத்தில் படுப்பவரே செய்ய வேண்டும். வீடியோவில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கிறது.

பிள்ளையின் கேள்விக்குப் பதில், அது பொது நிலம். அமெரிக்க வனச் சேவையின் பொறுப்பில் மட்டும் 19 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது. நில முகாமைத்துவப் பணியகம் என்ற இன்னொரு திணைக்களத்திடம் அதைவிடக் கூட இருக்கிறது. இந்த நிலங்களில் பெரும்பாலும், தடை என்று அறிவித்த இடங்களைத் தவிர, யாரும் போய்க் கூடாரம் அடிக்கலாம். கழிப்பறை இல்லை, குழாய் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, கேட்பார் இல்லை. வழக்கமாக ஓர் இடத்தில் 14 நாட்கள் வரை தங்கலாம். (இந்த நிலம் 'பொது' ஆவதற்கு முன்னால் யூரோக், டொலோவா போன்ற பூர்வீக மக்களுடையதாக இருந்தது. விழுந்த ரெட்வுட் மரத்தைக் குடைந்து தோணி செய்தவர்கள் அவர்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். இலவசமாகப் படுக்கலாம் என்பது பெரும்பாலும் ரெட்வுட் காட்டுக்குப் பக்கத்தில்தான், அந்த மரங்களுக்கு அடியில் அல்ல. ரெட்வுட் கடற்கரையின் மூடுபனியைக் குடித்து வளரும் மரம். அதற்குக் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை மூடுபனியிலிருந்து சொட்டுவது என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் அது கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டியில்தான் நிற்கிறது. ஆதியில் இருந்த முதுகாட்டில் 100க்கு 5 அளவுதான் வெட்டுக்குத் தப்பியது. தப்பியதில் கணிசமான பகுதி 1968இல் உருவான ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள்ளும் அதை ஒட்டிய மாநிலப் பூங்காக்களுக்குள்ளும் இருக்கிறது. அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, வீதியோரத்தில் வாகனத்துக்குள் படுக்கவும் முடியாது. அந்தப் பூங்காக்களுக்குக் கிழக்கே, உள்நாட்டுப் பக்கமாக இருக்கும் சிக்ஸ் ரிவர்ஸ் தேசிய வனத்தில்தான் வனச் சேவையின் இலவச இடங்கள் கிடைக்கும். அங்கே கூடுதலாக நிற்பது வேறு மரங்கள்.

தேசியப் பூங்காவுக்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். ரெட்வுட் கிரீக் என்ற ஓடையின் கூழாங்கல் திட்டுகளில், ஒரு குறிப்பிட்ட பகுதியில், அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாம். ஏன் கல்லில்? ரெட்வுட்டுக்கு ஆணிவேர் இல்லை. 100 மீற்றருக்கு மேல் உயரும் மரத்தின் வேர் பெரும்பாலும் 2, 3 மீற்றர் ஆழத்துக்குள், பக்கவாட்டில் நீண்டு பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக் கிடக்கிறது. ஆட்கள் மிதித்து மண் இறுகினால் அந்த வேருக்கு நீரும் காற்றும் குறைகிறது. கல்திட்டில் மிதிபட வேர் இல்லை. மாரியில் ஓடை பெருகி வந்து அந்தத் திட்டுகளை அலசிவிடுகிறது.

மிதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைபீரியன் மரமே சாட்சி. உலகத்தில் அறியப்பட்ட உயிருள்ள மரங்களில் மிக உயரமானது அது, ஏறத்தாழ 116 மீற்றர். 2006இல் கண்டுபிடித்தார்கள். இடத்தை இரகசியமாக வைத்தும் இணையத்தில் கசிந்துவிட்டது. பாதையே இல்லாத அந்த இடத்துக்கு ஆட்கள் புதர்களை நசுக்கிக்கொண்டு போனார்கள். மரத்தடியில் பன்னச்செடி முளைக்காமல் போனது. குப்பை சேர்ந்தது, மனிதக் கழிவும் கடதாசியும் சேர்ந்தன. 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியை மூடிவிட்டது. இப்போது போய் அகப்பட்டால் 5,000 டொலர் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை. ஒரு மரத்தைப் பார்ப்பதற்கு!

அங்கு போனவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு போயிருக்க மாட்டார்கள். மரத்தை நேசித்துத்தான் போனார்கள். அதுதான் எங்களை யோசிக்க வைத்தது.

இலவச இடத்தின் சட்டங்களை வாசித்தபோது எங்களுக்கு ஒரு விசித்திரமான உணர்வு வந்தது, எங்கேயோ ஏற்கெனவே படித்தது போல. கூடாரமும் கழிவும் நீர்நிலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இயற்கைத் தேவைக்கு ஓடையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் ஒருவரின் 70 எட்டு தள்ளிப் போய், 6 முதல் 8 அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூட வேண்டும். ஆட்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும், நீரெடுக்கும் இடத்திலும் மலசலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மத்ரஸாவில் ஓதாத பிள்ளை நம் ஊரில் இல்லை. மனனமாகத் தெரியும். ஆனால் ஆற்றங்கரைக்குப் பயணம் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

உணவுத் துகளுக்கும் சட்டம் இருக்கிறது. இதை வாசித்தபோது ஆரம்பத்தில் சிரித்தோம். மாபிள்ட் மரலெட் என்று ஒரு சிறிய கடற்பறவை. கடலில் மீன் பிடித்து வாழ்ந்தாலும், முட்டையிட மட்டும் பல கிலோமீற்றர் உள்ளே பறந்து வந்து முதுமரத்தின் பாசி படிந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அமெரிக்காவில் அதன் கூடு எங்கே இருக்கிறது என்பது 1974 வரை அறிஞர்களுக்கே புதிராக இருந்தது. பிக் பேசின் ரெட்வுட் பூங்காவில் கிளை வெட்ட மரமேறிய பணியாளர் ஒருவர்தான் தற்செயலாகக் கண்டார். இன்று அது அருகிவரும் பறவை. கூடாரக்காரர்கள் சிந்தும் பாண் துண்டுக்கும் சிப்ஸுக்கும் காகக் குடும்பத்துப் பறவைகள் கூடுகின்றன. கூடியவை மேலே பறந்து அந்த ஒற்றை முட்டையையும் தின்கின்றன. அதனால்தான் ரெட்வுட் பூங்காக்களில் மேசையில் ஒரு துகளும் விடாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். ஸஹனில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடச் சொன்ன உம்மாமார்களைப் பெற்ற நமக்கு இது புரியாத சட்டம் அல்ல.

மிகப் பெரிய விடயம் நெருப்பு. கலிபோர்னியாவில் பொது நிலத்தில் விறகு மூட்டவோ காஸ் அடுப்புப் பற்றவைக்கவோ அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இலவசம். ஆனால் அதற்கு நிபந்தனைகள்: நெருப்பைச் சுற்றிக் காய்ந்த சருகை அகற்றியிருக்க வேண்டும், பொறுப்பான ஒருவர் விட்டகலாமல் இருக்க வேண்டும், மண்வெட்டி பக்கத்தில் இருக்க வேண்டும், அணைக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். அணைப்பதற்கும் முறை உண்டு. நீர் ஊற்றி, கிளறி, கையால் சூடு பார்த்து, சூடிருந்தால் திரும்ப ஊற்றுவது. கடும் வெயில் காலத்தில் சீட்டு இருந்தாலும் நெருப்பே மூட்ட முடியாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் பிக் சர் பகுதியில், கூடாரம் அடிக்கவே அனுமதியில்லாத ஒரு மாநிலப் பூங்காவில், யாரோ மூட்டிய நெருப்பை அணைக்காமல் விட்டுப் போனார்கள். அது சொபெரானெஸ் தீ ஆனது. ஏறத்தாழ மூன்று மாதம் எரிந்தது. 1,32,000 ஏக்கர். 57 வீடுகள். தீயை அடக்கப் போன புல்டோசர் சாரதி ஒருவர் மௌத்தானார். செலவு 20 கோடி டொலருக்கு மேல். ஒரு கேத்தல் தேத்தண்ணியாக இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும். மதீனாவில் இரவில் ஒரு வீடு எரிந்தபோது, தூங்கப் போகுமுன் நெருப்பை அணைக்கும்படி நபியவர்கள் சொன்ன ஹதீஸை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"அப்படியென்றால் மூடிவிட வேண்டியதுதானே?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். பிக் சர் மக்களில் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். வார இறுதியில் மலைவீதி நெடுக வாகனம், காலையில் வீதியோரத்தில் மலம், வெயில் காலத்தில் புகை கண்டால் நெஞ்சு பதறும் வாழ்க்கை. அவர்களின் கோபத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். கழிப்பறை கட்டிக் கட்டணம் வாங்கு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு, கழிப்பறை சும்மா கழுவப்படுவதில்லை.

ஆனால் கட்டணம் யாரை வெளியே தள்ளும் என்று பாருங்கள். ரெட்வுட் பகுதி மாநிலப் பூங்காக்களின் முகாம்களில் ஓர் இரவுக்கு 35 டொலர் அளவில் கட்ட வேண்டும். கோடை காலத்துக்கு 6 மாதம் முன்னரே பதிவு செய்ய வேண்டும். 6 மாதத்துக்கு முன் தனக்கு எப்போது லீவு என்று தெரிந்தவர் யார்? மாதச் சம்பளக்காரர். நாட்கூலிக்காரர் அல்ல. நான்கு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம் உலகத்தின் உயரமான மரங்களுக்குப் பக்கத்தில் ஓர் இரவு படுக்க வேண்டுமென்றால், அவர்களுக்கு இருப்பது அந்த இலவச நிலம்தான். வீட்டு வாடகை தாங்க முடியாமல் வாகனத்திலேயே வாழ்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், 14 நாள் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தபடி.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஹிமா என்று பாதுகாக்கப்பட்ட பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. அதற்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாக வைத்தபோது, சில ஒட்டகமும் சில ஆடும் மட்டும் உள்ளவர்களை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகளை விடவேண்டாம் என்றார்கள். அவர்களின் கால்நடை அழிந்தாலும் தோட்டமும் பயிரும் இருக்கிறது, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான் என்பது காரணம். புகாரியில் உள்ள செய்தி. நிலத்தையும் காத்தார்கள், ஏழைக்குக் கதவையும் திறந்து வைத்தார்கள்.

அதனால்தான் சொல்கிறோம், இலவச நிலத்தில் குப்பையை விட்டுப் போகிறவர் காட்டுக்கு மட்டும் அநியாயம் செய்யவில்லை. அவர் செய்கிற வேலையால் ஒருநாள் அங்கே சங்கிலி விழும். சங்கிலி விழுந்தால் அவர் 35 டொலர் கட்டி வேறு இடத்தில் படுப்பார். கட்ட முடியாதவருக்குத்தான் காடு இல்லாமல் போகும்.

"இங்க ரிக்கட், அங்க சும்மா" என்று எழுதிய தம்பிமாருக்கு ஒரு விடயம். சென்ற வருடம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஓர் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனோம். ரிக்கட் இல்லாத இடம். சாப்பிட்டு முடிய லஞ்ச் ஷீட்டுகளையும் யோகட் கப்புகளையும் ஒரு மரத்தடியில் குவித்து, மேலே கல் வைத்துவிட்டு வந்தோம். யாராவது அள்ளுவார்கள் என்ற நினைப்பு. யார் அள்ளுவார் என்று ஆசிரியர்கள் ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் பஸ் அந்த வழியால் திரும்பியபோது நாய்கள் எல்லாவற்றையும் தண்ணீர் வரை இழுத்துப் போட்டிருந்தன. பஸ்ஸில் 48 பிள்ளைகள் ஜன்னலால் பார்த்தார்கள். பஸ் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் திரும்பவும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அதே இடத்துக்கு. பெற்றோருக்கு அனுப்பிய சாமான் பட்டியலில் உரப்பை 10, மண்வெட்டி 1 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கா கூட்டிப் போகிறீர்கள் என்று மூன்று பேர் கோல் எடுத்துக் கேட்டார்கள். மண்வெட்டி எதற்கென்று மேலே எழுதியிருக்கிறோம். மதியச் சாப்பாடு இந்த முறை ஸஹனில்தான், லஞ்ச் ஷீட் இல்லை. ஸஹன் தந்து உதவக்கூடியவர்கள் பாடசாலை அலுவலகத்தில் சொல்லுங்கள், 12 தேவைப்படுகிறது.