பெங்காலி பிங்க் ஃபிளாய்டாம்... போங்கய்யா!

போன வாரம் செக்டர் ஃபைவ் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சண்டை. யாரோ மொபைல்ல 'பீகி பீகி' போட்டாங்க. 2006-ல வந்த 'கேங்ஸ்டர்' படப் பாட்டு. டெல்லிக்கார நண்பர் ஒருத்தர், "இந்த மாதிரி ஒரிஜினலா ஹிந்தியில யார் போடறா?"ன்னு உருகினார். பக்கத்துல இருந்த தாதா (நம்மூர் தாதா இல்லீங்க, இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடணும்) மெதுவா, "மெட்டு எங்களோடது, மொஹீனேர் கோராகுலி"ன்னார். நண்பர் அசரல. "ஓ, அந்த பெங்காலி பிங்க் ஃபிளாய்டா?"

அங்கேதான் எனக்குச் சுர்ருனு ஏறிச்சு.

கௌதம் சட்டோபாத்யாய் யாருக்கும் பெங்காலி எடிஷன் இல்லை. நக்சல் காலத்துல ஜெயிலுக்குப் போய் வந்தவர். 70-களின் நடுவுல தம்பிகள், நண்பர்களோட கல்கத்தாவுல இந்தக் குழுவை ஆரம்பிச்சார். பேரு ஜீவனானந்த தாஸ் கவிதையிலேர்ந்து வந்தது, 'மொஹீனின் குதிரைகள்'னு அர்த்தம். 1977, 78, 79-னு வருஷத்துக்கு ஒண்ணா மூணு இசைத்தட்டு. கிதாரும் வயலினும் பாவுல் பாட்டும் ஒரே இடத்துல. ஊர் கண்டுக்கல. 1981 வாக்குல குழு கலைஞ்சுது. மேற்கத்திய ராக் அவர் காதுல விழலைன்னு நான் சொல்லல. ஆனா பக்கத்து கிராமத்துப் பாவுலும் அதே காதுலதானே விழுந்துச்சு? அதை மட்டும் ஏன் யாரும் சொல்றதில்லை?

இப்ப அந்தப் பாட்டு. 1995-ல வந்த 'ப்ருதிபீடா நாகி'. சாட்டிலைட், கேபிள் கையில சிக்கி உலகமே சுருங்கி, வீட்டு ஹால்ல இருக்கிற டிவி பெட்டிக்குள்ள அடைஞ்சு போச்சுங்கிற புலம்பல். அதே மெட்டு ஹிந்தியில நனைஞ்ச ராத்திரி, காதல் சோகம்னு மாறிச்சு. பாடினவர் டாக்காவோட ராக் பாடகர் ஜேம்ஸ், இசை ப்ரீதம். டிவியைத் திட்டின பாட்டு டிவியிலயே நாள் பூரா ஓடிச்சு! "பாத்தியா, எவ்வளவு பெரிய பாதிப்பு"ன்னு இதைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மெட்டு மட்டும் பம்பாய் போச்சு, சொல்ல வந்த விஷயம் ஹௌராவுலயே நின்னுடுச்சு.

பாதிப்புன்னா அவர் 90-கள்ல செஞ்சதைப் பாருங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தவர் "நான்தான் முன்னோடி"ன்னு பழைய பாட்டை விக்கல. சின்னப் பசங்களையும் புதுக் குழுக்களையும் கூப்பிட்டு, அவங்க பாட்டையும் சேர்த்து 1995-லேர்ந்து 99-க்குள்ள நாலு ஆல்பம் போட்டார். அட்டையில 'மொஹீனேர் கோராகுலி சம்பாதித'. நம்ம கண்ணுக்குச் 'சம்பாதிச்ச'ன்னு தெரியும். வங்காளத்துல 'தொகுத்தது'ன்னு அர்த்தம். தன் பேரை அடுத்தவன் பாட்டுக்குக் குடையாப் பிடிச்ச ராக் ஸ்டார் எத்தனை பேர் உங்களுக்குத் தெரியும்? 1999 ஜூன்ல கௌதம் போயிட்டார். அதுக்குள்ள இந்த ஊர்ல ஒவ்வொரு காலேஜ் பையனுக்கும் 'நம்ம பாஷையில, சினிமா இல்லாமலே பாடலாம்'ங்கிற தைரியம் வந்தாச்சு. ஃபாசில்ஸ், பூமின்னு அப்புறம் வந்த குழுக்கள் நடந்தது அவர் வெட்டின பாதையில. அவர் சம்பாதிச்சது அதுதான்.

பாட்டுன்னாலே சினிமாங்கிற ஊர்லேர்ந்து வந்தவன் நான். அந்தத் தைரியத்தோட விலை எனக்குத் தெரியும்.

ஒரு உண்மையும் சொல்லிடறேன். 'பீகி பீகி' ஹிந்திப் பாட்டுன்னு பல வருஷம் முணுமுணுத்தவன்தான் நானும். கல்கத்தா வரலைன்னா இப்பவும் அப்படித்தான் இருந்திருப்பேன். அதனால டெல்லி நண்பர் மேல கோபம் போயிடுச்சு. அந்த 'பிங்க் ஃபிளாய்ட்' மேல மட்டும் போகல.

1995 பாட்டை ஒரு தடவை தேடிக் கேளுங்க. பாஷை புரியலைன்னாப் பரவாயில்லை, எனக்கும் முதல்ல புரியல.