புல்வெட்டும் மெஷினில் ஆயில் கூடுகிறதா?

ஆயில் குறைந்தால் பதறுபவர்கள், கூடினால் கண்டுகொள்வதில்லை. பெட்ரோல் புல்வெட்டும் மெஷினில் ஆபத்தே அங்கேதான்.

மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த மெஷினை எடுக்கிறீர்கள். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பிஸ்டன் உரசி இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் குட்டி ஊசி வால்வு. மிதவை உயர்ந்ததும் பெட்ரோலை நிறுத்துவது அதன் வேலை. தூசியோ, பழைய பெட்ரோலின் பிசினோ ஒட்டினால் சரியாக மூடாது. டேங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே ஆயிலில் கலந்துவிடும். (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

ஆயிலை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதைதான். முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஊசியை மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அதுவும் ஓட்டை. அதன்பிறகே புது ஆயில். வடித்த ஆயில் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, பூஜை விளக்கு பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் டேப்பை மூடினால் பாதித் தொல்லை வராது. டேப் இல்லாத மெஷினில் பெட்ரோல் டியூபின் நடுவே ஒன்று பொருத்திக்கொள்ளலாம். பிளேடைக் கழுவச் சாய்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கட்டும்.