கொழுப்பு மாத்திரையும் நான் செய்த தவறும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் போட்டேன். "கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை, அந்த மாத்திரை கல்லீரலையும் தசையையும் அரித்துவிடும்" என்று போகும் அது. எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது, தட்டிவிட்டேன்.

அன்று இரவே என் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்கு மூன்று வருடத்துக்கு முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

"மச்சான், நீங்க போட்டதைப் படிச்சேன். எனக்கும் போன மாசம் டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு வந்திருச்சு. இந்த ராத்திரி மாத்திரையை விட்டுரட்டுமா?"

"நார்மல் ஆனப்புறம் எதுக்கு மாப்பிள்ளை அது? விட்டுத்தான் பாருங்களேன்" என்றேன்.

தை மாதம் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரைக்குக் கொண்டு போனோம். கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டார். மருத்துவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது, "கொழுப்பு மாத்திரையை மட்டும் ஆறு மாசமா நிறுத்திட்டோம் சார்" என்று தங்கை சொன்னாள். யார் சொல்லி நிறுத்தினோம் என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மருத்துவர் நியாயமான மனிதர். "நிறுத்தினதால மட்டும்தான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஸ்டென்ட் வெச்சவர் எங்களைக் கேக்காம இதை நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். மாத்திரை சாப்பிட்டபோது 62 இருந்த எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு அன்று 138.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து 35 வருடம் பாடம் நடத்தியவன், மருத்துவர் அல்ல. ஆனால் நம் ஊரில் "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் நான் அன்று வீணாக்கினேன். அதன் பிறகு மருத்துவரிடமும் மருந்தாளுநராக வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடமும் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

"நார்மல்" என்ற சொல்லில்தான் நாம் ஏமாறுகிறோம். ஆசிரியர் உள்ளே இருக்கும்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள்தான் அமைதியாக இருக்கிறார்களே, இனி ஆசிரியர் எதற்கு?" என்று அவரை வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? அடுத்த தெரு வரை சத்தம் கேட்கும். மாத்திரையும் அப்படித்தான். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. அதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் தடுக்கின்றன. அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது, ரத்தத்தில் அளவு குறைகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வருவது, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான மார்க். டிசி வாங்கிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை.

கட்டுக்கதை என்றேனே, அதற்கும் பதில் இருக்கிறது. இந்த வகை மருந்தை முதன்முதலில் 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர். வித்தியாசம் 74 உயிர்.

அப்படியானால் பக்கவிளைவு என்பதெல்லாம் பொய்யா? பொய் இல்லை. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தால் தசைகள் சிதைந்து பலர் இறந்ததால், 2001இல் அதைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். இப்போதுள்ள மருந்துகளில் அந்த ஆபத்து மிக அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலருக்கு ரத்தச் சர்க்கரையும் சற்றே கூடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உண்மையான மாத்திரையில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, வலித்தது நிஜம். ஆனால் பயமே வலியைக் கொண்டுவரும் என்று புரிகிறது. என் ஃபார்வர்ட் அந்தப் பயத்தைத்தான் பரப்பியது.

எனவே பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் வேண்டாம். தெரிந்து சாப்பிடுவோம். கரும்பலகையில் எழுதுவது போல வரிசையாகச் சொல்கிறேன்.

1. அட்டையில் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இதய மருத்துவர் ஒரு பெயரிலும் சர்க்கரை மருத்துவர் வேறு பெயரிலும் எழுதியதால் ஒரே மருந்தை இரண்டு முறை சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஆஸ்பிரினோடு சேர்த்து ஒரே கேப்ஸ்யூலாகவும் இது வருகிறது, கவனியுங்கள்.

2. வேறு எதற்கு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக், படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் ஆகியவை அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை டானிக்கை ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாட்டு மருந்து, ஆன்லைனில் வாங்கும் சத்து மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் என்னும் பழமும் இதோடு ஒத்துப்போகாது.

3. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம், தினமும் ஒரே நேரம் என்றால் மறக்காது. சிம்வாஸ்டாட்டின் இரவில்தான்.

4. காரணமில்லாத தசைவலி, பலவீனம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே போங்கள். சாதாரண வலி என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். விட்டுவிடுவது ஒன்றே வழி இல்லை.

5. தைராய்டு, கல்லீரல், சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்களும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

6. உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஸ்டென்ட் வைத்தவர் கதை வேறு, ரிப்போர்ட்டில் கொஞ்சம் கூடுதலாக வந்தவர் கதை வேறு. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். "எனக்கு இது ஏன் சார்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

இங்கே மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. வெளியே ஐம்பது பேர் காத்திருப்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் "இது நீண்ட நாள் மாத்திரை, நார்மல் என்று வந்தாலும் நிறுத்தாதீர்கள், இன்னின்ன வந்தால் என்னிடம் வாருங்கள்" என்று தமிழில் மூன்று வாக்கியம் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காத இடத்தில்தான் என்னைப் போன்றவர்களின் ஃபார்வர்ட் புகுந்துவிடுகிறது. மருந்துக் கடைக்காரர்களும் பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கொடுக்காமல், "கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

காசுக்காக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பென்ஷன் இல்லாத வீடுகளில் இது நிஜமான கஷ்டம். அவர்கள் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மருந்தின் பெயரைச் சொல்லி விசாரித்துப் பாருங்கள். விலை நன்றாகக் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். முடியவில்லை என்பதை மருத்துவரிடமே சொல்லுங்கள், வழி இருக்கும்.

மாப்பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை சாப்பிட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் கேட்டுக்கொண்டதுதான். போன வாரம் ஒரு நாள் பத்து மணி வரை வரவில்லை. நானே கூப்பிட்டேன். "கல்யாண வீட்டுல இருக்கேன் மச்சான், மாத்திரை சட்டைப் பையிலதான் இருக்கு" என்றார். அதன் பிறகுதான் படுத்தேன்.

நாளை காலை வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பையை அப்படியே அவர் மேசையில் கொட்டி, "இதில் எது எதற்கு, எது எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். இதுதான் உங்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம்.

கமெண்டில் என்னிடம் மருந்து கேட்காதீர்கள். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.