பழைய தோஸ்த்தை வித்துட்டு மைலேஜ் கார் வாங்கலாமா? ஓசூர் கணக்கு இதுதான்

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறீங்க. வாசல்ல பத்து வருஷத்துக்கு மேல ஓடின அசோக் லேலண்ட் தோஸ்த் நிக்குது. 2011-ல் சந்தைக்கு வந்த, நம்ம ஓசூர் ஆலையிலேயே தயாரான வண்டி. டீசல் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் “இதைத் தள்ளிட்டு ஒரு பழைய வேகன்ஆர் எடுத்தா என்ன?”ன்னு தோணுது, இல்லையா?

மைலேஜை மட்டும் வச்சு இந்த முடிவை எடுக்காதீங்க. ஏன்னு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

தோஸ்த் லிட்டருக்கு 14, வேகன்ஆர் பெட்ரோலில் 18 கி.மீ. தருதுன்னு வைங்க. டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 102. கிலோமீட்டருக்கு 6.65 ரூபாய், 5.65 ரூபாய். வித்தியாசம் ஒரே ஒரு ரூபாய்! மாசம் 1,000 கி.மீ. ஓட்டினா வருஷத்துக்கு 12,000 மிச்சம். அவ்வளவுதான்.

யாரும் பேசாத செலவு இன்சூரன்ஸ். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 16,049 ரூபாய். 1,000 சிசிக்குள் இருக்கும் சொந்தக் காருக்கு 2,094. ஜிஎஸ்டி தனி. கிட்டத்தட்ட 14,000 வித்தியாசம், அதாவது மைலேஜ் மிச்சத்தைவிட அதிகம். எட்டு வயசு தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேற. அதற்கான வேலை, பெயிண்ட், டயர் எல்லாம் காரைவிட 24,000 கூடுதல்னு போடுங்க. ஆக, தோஸ்த்தை வச்சிருக்க வருஷத்துக்கு 50,000 அதிகம்.

இப்போ மறுபக்கம். பொம்மசந்திரா வரை லோடு போட்டுட்டு வர 40 கி.மீ.ன்னா, சொந்த வண்டியில் டீசல் 270 ரூபாய். வாடகைக்கு டாட்டா ஏஸ் கூப்பிட்டா 1,200ன்னு வைங்க. ஒரு லோடுக்கு 930 மிச்சம். 50,000-ஐ 930-ஆல் வகுத்தா 54 லோடு. மாசத்துக்கு நாலரை.

அதனால போன மூணு மாச டெலிவரி சலானை எடுத்து எண்ணுங்க. மாசம் பத்து லோடு போகுதுன்னா வண்டியைத் தொடாதீங்க. ரெண்டு மூணுதான்னா வித்துடுங்க. அஞ்சு, ஆறுன்னா? நானா இருந்தா வச்சுக்குவேன், ஏன்னா அவசரத்துக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வாடகை வண்டி கிடைக்காது. வாடகையும் மைலேஜும் உங்க கணக்குப்படி மாத்திப் போட்டுக்கோங்க.

“கார் வாங்கிட்டு டிக்கியிலேயே நாலு பெட்டி காஸ்டிங் ஏத்திக்கலாமே”ன்னு சிலர் நினைக்கிறாங்க. வேண்டாம். சொந்தக் கார் பாலிசியில் சாம்பிளும் உங்க லக்கேஜும் தவிர மற்ற சரக்குக்கு இடமில்லை. விபத்து நடந்தா க்ளைம் நிக்காது. அதே மாதிரி, கல்யாணத்துக்கு தோஸ்த் பின்னாடி சொந்தக்காரங்களை ஏத்திட்டு தேன்கனிக்கோட்டை போறதும். அதில் போறது பணம் மட்டும் இல்லை. மாசம் ரெண்டு தடவை குடும்பத்தோட வெளியே போறவர்னா, அதுக்கு வாடகைக் கார் எடுங்க.

வரிப் பக்கமும் தோஸ்த்துக்குத்தான் சாதகம். ரெகுலர் ஜிஎஸ்டியில் இருந்தா சரக்கு வண்டியோட ரிப்பேர், இன்சூரன்ஸ் பில்லுக்கு இன்புட் எடுக்கலாம், காருக்கு சட்டமே தடுக்குது. விற்கும்போது இன்னொரு விஷயம்: வாங்கும்போது இன்புட் எடுக்காம, தேய்மானம் மட்டும் காட்டிட்டு வந்திருந்தா, விற்ற விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18% ஜிஎஸ்டி வரும். புத்தகத்தில் 40,000 இருக்கிற வண்டியை 2,40,000-க்கு வித்தா 36,000 போச்சு. புரோக்கர் சொல்ற விலையில் இதைக் கழிச்சுட்டுப் பாருங்க.

கடைசியா, கார்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, பெங்களூருல விலை குறைவா கிடைக்குதேன்னு கேஏ நம்பர் வண்டி எடுத்து ஓசூர்லயே ஓட்ட நினைக்காதீங்க. 12 மாசத்துக்கு மேல இங்கே வச்சிருந்தா என்.ஓ.சி. வாங்கி டிஎன் நம்பருக்கு மாத்தணும், வண்டியோட வயசுக்கு ஏத்த ஆயுள் வரியும் இங்கே கட்டணும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி அந்தத் தொகை எவ்வளவுன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க.