மாதிரியை யார் எடுத்தது?

“மொதல்ல பின்ன ஆரம்பிச்சிடுவோம்மா. பேட்டர்ன், நூலு எல்லாம் என்னவா இருந்தா என்ன? கைதானே முக்கியம்.”

மூவாரில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு லேஸ் சால்வை பின்னலாம் என்று உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எழுந்த குரல் இது. சொன்ன அக்கா எனக்கு மிகவும் வேண்டியவர். பின்னல் ஊசியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இருந்தும் சொல்கிறேன், இவ்வளவு தப்பான பேச்சை நான் சமீபத்தில் கேட்டதில்லை. கை முக்கியம், கை முக்கியம் என்று சொல்லியே இருநூறு வருஷமாக நம் பெண்களின் கையை வாங்கிக்கொண்டார்கள். எதைப் பின்னுவது, எந்த நூலில் பின்னுவது என்று மட்டும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

முதலில் சால்வையின் கதை. ஊரில் ஒரு தமிழாசிரியை ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. எங்களில் நான்கு பேருக்கு அவர்தான் ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஒரு சின்ன விழா எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. விழா என்றால் பொன்னாடை வருமே! தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போய்வரும் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அந்த பாலியெஸ்டர் துணி பத்தாவது இருக்கும். போர்த்துவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், வாங்கியவர் அதை அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்திவிடுவார். எங்கள் டீச்சருக்கு அது வேண்டாம், நாமே கையால் பின்னிக் கொடுப்போம் என்று முடிவானது. அதுவரை சண்டை இல்லை.

எதைப் பின்னுவது என்றதும் புலனக் குழுவில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. ஒரு கட்சிக்கு, இணையத்தில் விற்கும் பெட்டியை வாங்கிவிட வேண்டும். உள்ளே மெரினோ கம்பளி நூல், ஊசி, மாதிரித் தாள் எல்லாம் தயாராக இருக்கும். இன்னொரு கட்சிக்குச் சால்வையில் தமிழ் தெரிய வேண்டும். நடுவில் மயில், இரண்டு ஓரமும் கோலம், முடிந்தால் ஒரு ‘ழ’. மூன்றாவது கட்சி அக்காவுடையது. என்னவா இருந்தா என்ன?

பெட்டிக் கட்சியை எடுத்துக்கொள்வோம். மூவாரில் மதியம் மூன்று மணிக்கு ஆற்றங்கரையில், தஞ்சோங் எமாஸ் பக்கம், பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். முப்பது பாகைக்கு மேல் வெயில், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இந்த ஊரில் கம்பளிச் சால்வையை எழுபது வயதுப் பெண்மணி எங்கே போடுவார்? அலமாரியில்தான். பாலியெஸ்டர் பொன்னாடைக்குப் பக்கத்தில். ஒரு மழைக்காலம் போனால் அந்துப்பூச்சியும் பூஞ்சையும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

லேஸ் என்றாலே கம்பளிதான் என்று பெட்டிக் கட்சி சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கம்பளி நூல் மன்னிக்கிற நூல். பின்னி முடித்து நனைத்து, இழுத்து ஊசி குத்திக் காயவைத்தால் கோணல்மாணல் எல்லாம் நேராகி அப்படியே நிற்கும். பருத்திக்கு அந்த இரக்கம் கிடையாது. ஆனால் ஷெட்லாந்துப் பெண்களும் ரஷ்யாவின் ஓரென்பர்க் பெண்களும் கம்பளியில் பின்னியது எதனால்? ஒருவருக்கு வீட்டு வாசலில் ஆடு, இன்னொருவருக்கு மலையாட்டு மயிர், இருவருக்கும் எலும்பைக் குத்தும் குளிர். தங்கள் ஊரில் இருந்ததை எடுத்தார்கள். மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மெல்லிய சால்வை அப்படித்தான் பிறந்தது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் புத்தியை. கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தியை விட்டுவிடுகிறோம்.

மயில் கட்சியோடு எனக்கு வேறு வழக்கு. லேஸ் பின்னலில் ஓட்டை எப்படி வருகிறது தெரியுமா? நூலை ஊசியில் ஒரு தடவை சும்மா சுற்றினால் ஓர் ஓட்டை, அதோடு ஒரு கண்ணி கூடிவிடும். கூடியதைக் கழிக்கப் பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். கூட்டல் கழித்தல், அவ்வளவுதான். இதில் மயில் கொண்டுவர எண்பது தொண்ணூறு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் வேறு கணக்கு. ஆறு பேரில் ஒருவர் பிள்ளை அழுகிறதென்று எழுந்துபோய் வந்தால் மயில் கழுத்து திரும்பிக் கோழியாகிவிடும். மயில்தான் வேண்டுமென்றால் ஒற்றைக் கொக்கியில் கட்டம் கட்டமாகப் போடும் குரோஷே இருக்கிறது, அதில் அழகாக வரும்.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். கோலத்தைச் சால்வையில் ஒட்டினால் அது தமிழாகிவிடுமா? வாசலில் கோலம் போடுகிற அம்மா இன்றைக்கு எத்தனை புள்ளி, என்ன வளைவு என்று யாரையாவது கேட்டுப் போடுகிறாரா? மாவு தீர்ந்துபோயிருந்தால் சின்னதாகப் போடுவார், மனசு சரியில்லை என்றால் நாலு கோட்டோடு நிறுத்திவிடுவார். கோலத்தில் எனக்குப் பிடித்தது அந்தச் சுதந்திரம். அதை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பிரதி எடுத்துச் சால்வையில் தைக்கிறோம்.

இதற்கு நடுவில் ஓர் ஆன்ட்டி, “லேஸெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்தது. நமக்கு எதுக்கு?” என்றார். அப்போது அதுவரை பேசாமல் இருந்த இன்னொருவர், பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், மெதுவாகச் சொன்னார்: “எங்க பாட்டி ரேந்தைன்னு சொல்லும்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலாய்க்காரத் தோழிகள் லேஸை ‘ரெண்டா’ என்பார்கள். இரண்டும் ஒரே சொல், போர்த்துகீசியச் சொல். 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்களின் மொழி, இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. குமரிமுனைப் பக்கத்துப் பாட்டியும் மூவார் மக்சிக்கும் தெரியாமலே ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பின்னியிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டியின் ஊருக்குப் போவோம். 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது எங்களுடையதைப் போல இரட்டை ஊசிப் பின்னல் கிடையாது. திண்டின் மேல் மாதிரி குத்திய தாளை வைத்து, குண்டூசிகளைச் செருகி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் வேலை. அவர்களின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். ஆமாம், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். இலக்கியக் கூட்டங்களில் கால்டுவெல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அவர் வீட்டுத் திண்ணையில் லேஸ் போட்ட பெண்களைப் பற்றி ஒரு நிமிஷமாவது பேசியிருக்கிறோமா?

அந்தப் பெண்கள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், சிலர் அடிமைகள். லேஸ் விற்ற காசில் சிலர் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. இதைச் சொல்லாமல் மிஷனைத் திட்டுவது அயோக்கியத்தனம். அதே சமயம் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அது தோள்சீலைப் போராட்டத்தின் காலம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது 1859-இல்தான், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. தன் தோளில் ஒரு துண்டுத் துணி போட அடிபட வேண்டியிருந்த ஊரில், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் அலங்காரம் செய்துகொண்டிருந்தன அந்தக் கைகள். குத்தி வைத்த தாள் வேறொருவருடையது, போட்டுக்கொண்டவரும் வேறொருவர்.

பழைய கதை என்று தள்ளிவிடுவீர்களோ? ஆந்திராவின் நர்சாப்பூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தரகர் நூலைக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார், பின்னியதை வாங்கிப் போவார். ஒருத்தி பூ மட்டும் போடுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழுத் துணியைப் பார்க்காமலே வாழ்நாள் முழுக்கப் பின்னியவர்கள் உண்டு. உலகச் சந்தைக்கு உழைத்த அவர்களை ஊர் என்ன சொன்னது? குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள், கைவேலை. நம் அக்கா சொன்ன அதே கை. அதுவும் ஒரு குழுப் பின்னல்தானே! எங்கள் ஆறு பேரை விடப் பல்லாயிரம் மடங்கு பெரிய குழு. அந்தக் குழுவில் ஒருவர்கூட மாதிரியை எடுக்கவில்லை.

இது ஏன் என்னை இவ்வளவு சுடுகிறது என்றால், வாரத்தில் ஆறு நாள் நான் செய்வதும் இதுதான். பாரிட் ராஜாவில் பொறியியல் படித்துவிட்டு மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. நாட்டின் தளவாடத் தலைநகரம் என்று ஊருக்குப் பெருமை வேறு. ரப்பர் மரம் நம் ஊருடையது, அறுப்பதும் இழைப்பதும் நாங்கள். வரைபடம் மட்டும் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும். முதுகுச் சாய்வை இரண்டு பாகை கூட்டினால் உட்காருபவருக்குச் சுகமாக இருக்குமே என்று ஒரு தடவை கேட்டேன். “பையரே கேக்கல, நீ ஏன்மா கேக்குற?” என்றார்கள். அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை, வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் மூடிக்கொள்ள வேண்டுமா?

அதனால் அடம்பிடித்தேன். இரண்டு ஞாயிறு ஒரு கண்ணிகூடப் போடாமல் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமே செலவழித்தோம். “இந்த நேரத்துக்குப் பாதி சால்வை முடிஞ்சிருக்கும்” என்று முணுமுணுப்பு எழுந்தது, எழட்டும்.

நூல் பருத்திதான் என்பது முதலில் முடிவானது. கடைகளில் ‘மில்க் காட்டன்’ என்று ஒரு கலப்பு நூல் நிறைய கிடைக்கிறது. தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் அதன் பஞ்சுத்தன்மையில் ஓட்டைகள் மங்கிப்போகும். ஓட்டை தெரியாத லேஸ் எதற்கு? மெர்சரைஸ் செய்த பருத்தியை எடுத்தோம். பருத்தியைக் காரத்தில் தோய்த்து வலுவாக்கும் முறை, 1844 வாக்கில் ஜான் மெர்சர் கண்டுபிடித்தது. நூல் வழவழப்பாக, முறுக்காக இருக்கும், மூவார் வியர்வையைத் துவைத்துத் துவைத்துப் போடலாம்.

பருத்தி மன்னிக்காது என்றேனே, அதற்காக எல்லாரும் ஒரே 3.5 மி.மீ. ஊசியில் 42 கண்ணி போட்டு மாதிரித் துண்டு பின்னினோம். அக்காவுடையது 20 செ.மீ. அகலம், எங்கள் கடைக்குட்டியுடையது 24. முழுச் சால்வைக்கு 96 கண்ணி என்றால் இருவர் துண்டுக்கும் 9 செ.மீ. வித்தியாசம்! இறுக்கிப் பின்னுகிற அக்காவுக்கு 4 மி.மீ., தளர்த்திப் பின்னுகிற தங்கைக்கு 3 மி.மீ. ஊசி. கைக்கு ஏற்ப ஊசியை மாற்றினோம். கையைத் திருத்தச் சொல்லி யாரையும் அழவைக்கவில்லை.

மாதிரிக்கு நான் முன்மொழிந்தது ‘ஓல்ட் ஷேல்’. ஷெட்லாந்தின் பழைய அலை வடிவம். 18 கண்ணிக்கு ஒரு அலை, நான்கு வரிசைக்கு ஒரு சுற்று. அந்த நான்கில் ஒரே ஒரு வரிசையில்தான் கூட்டல் கழித்தல்: இரண்டிரண்டாக மூன்று முறை சேர்த்து, ஆறு முறை நூல் சுற்றி, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. மற்ற மூன்று வரிசையில் வாய் பேசிக்கொண்டே பின்னலாம். தப்பு நேர்ந்தால் அந்த அலையிலேயே தெரிந்துவிடும், நாற்பது வரிசை கழித்துத் தெரிந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆளுக்கு 30 செ.மீ. பின்னி ஆறு துண்டையும் இணைத்தால் 180 செ.மீ. சால்வை.

“அப்போ நீயும் வெளிநாட்டு மாதிரியைத்தானே எடுத்த?” என்று மயில் கட்சி மடக்கியது. ஆமாம், எடுத்தோம். ஆறு பேரும் எண்ணிப் பார்த்து, பின்னிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, வேறு இரண்டு மாதிரிகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு எடுத்தோம். நாகர்கோவிலில் திண்டின் மேல் தாளை வைத்தபோது அந்தப் பிள்ளைகளிடம் ‘இது வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இடமிருந்ததா? மாதிரி எந்தத் தீவில் பிறந்தது என்பது எனக்கு இரண்டாம் கேள்வி.

நிறம் மட்டும் பாக்கி. வெள்ளை என்று எல்லாரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். லேஸ் என்றால் வெள்ளை, டீச்சர் கணவரை இழந்தவர், வயதானவர், வெள்ளைதான் மரியாதை. நானும் வாயைத் திறக்கவில்லை, இத்தனை பேசிய நான். அக்காதான், “டீச்சரையே ஒரு வார்த்த கேட்டுடுவோமே” என்று கைப்பேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“வெள்ளை வேணாம்மா. கத்திரிப்பூ கலர் கெடைக்குமா?”

கடையில் கத்திரிப்பூ நிறத்தில் நான்கு உருண்டைதான் இருந்தது. இன்னும் மூன்று வேண்டும், அதே சாயத் தொகுதி எண்ணில். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.